முடியாது என்று சொல்லத் தெரியாத மா போங்தே

வாசல் நிலையில் நெற்றி இடித்ததும் மா போங்தே முதலில் நிலையிடம் மன்னிப்புக் கேட்கிறார். பிறகுதான் நெற்றியைத் தடவிக்கொள்கிறார். செருப்பு மாற்றும் இடத்தில் யாருடைய செருப்பையாவது மிதித்துவிட்டால் அதற்கும் குனிந்து ஒரு வணக்கம் உண்டு. உள்ளே வந்து எல்லோரும் உட்காரும்வரை நின்றுவிட்டு, மிச்சமிருக்கும் நாற்காலியில் பாதி உடம்பை மட்டும் வைக்கிறார். அது எப்போதும் கால் ஆடும் நாற்காலி. நூறு கிலோவைத் தாண்டிய மனிதர். மீதிப் பாதியைத் தொடைகளின் பலத்தால் காற்றில் தாங்கிக்கொண்டு, "பரவால்லீங்க, எனக்கு இதே தாராளமுங்க" என்கிறார்.

வியாழக்கிழமை மதியம் யேசான் கடைவீதியில், கீழே வயிற்று டாக்டரும் நடுவில் பல் டாக்டரும் இருக்கிற கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எங்கள் குழு கூடுகிறது. எங்கள் குழு என்றால் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள். பக்கத்து மனிதரோடு பழகத் தெரியாமல் இந்த நோயைச் சம்பாதித்துக்கொண்டோமா, நோய் வந்தபிறகு பழகத் தெரியாமல் போனோமா என்பது எங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெளிவில்லை. நான் பூகோள வாத்தியார், நீண்ட விடுப்பில் இருக்கிறேன். யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் திருத்தாமல் விட என்னால் முடியாது. அதனால் என் மனைவி இப்போது தேஜோனில் தன் அக்கா வீட்டில் இருக்கிறாள். போங்தேயின் கோளாறு இதற்கு நேர் எதிர். யார் எதைக் கேட்டாலும் அவருக்குச் சரி. என் குடும்பப் பெயர் 'நோ'. ஆங்கிலத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். "நான் நோ சொல்றதே இல்லைன்னு டாக்டரு திட்டுறாங்க. வாரா வாரம் 'வணக்கம் நோ சார்'னு சொல்லிட்டுத்தானுங்களே இருக்கேன்" என்று அவர் ஒருமுறை வருத்தப்பட்டார்.

உங்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதட்டுமா என்று கேட்டேன். உடனே சரி என்றார். அந்தச் சம்மதத்துக்கு எந்த மதிப்பும் கிடையாது என்பதால் அவர் மனைவியிடம் கேட்டேன். அந்த அம்மாள் முடியாது என்றார். மறுவாரம், எழுதியதை முதலில் தனக்குக் காட்டினால் யோசிக்கலாம் என்றார். காட்டினேன். போங்தேயின் எடையை அவர்தான் திருத்தினார். நான் குறைத்துப் போட்டிருந்தேன்.

போங்தே பேருந்து ஓட்டுகிறார். யேசானிலிருந்து நீர்த்தேக்கக் கரையோரமாக தேஹூங் வரை போய்த் திரும்புகிற ஊர்ப் பேருந்து. வழியில் நிறுத்தங்களுக்குக் கம்பம் நட்டிருக்கிறார்கள்; அவரைப் பொறுத்தவரை அது ஒரு யோசனை மட்டும்தான். கை காட்டினால் வண்டி நிற்கும். மிளகாய் வயலில் களை பறிக்கும் பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாலும் நிற்கும்.

"ஏறலீங்களா?"

"இல்லீங்க, இடுப்பு வலி. நிமிர்ந்தேன்."

"அப்படிங்களா. மன்னிச்சுக்குங்க."

வண்டியில் ஏறுகிற பெண்கள் அவித்த சோளம், வறுத்த வேர்க்கடலை, பாதி கடித்த பேரிக்காய் என்று எதையாவது நீட்டுவார்கள். எல்லாவற்றையும் வாங்கிச் சாப்பிடுவார். துணிக்கடை வாசல் பொம்மையைப் போல அசையாமல் நின்று ஒரு பெண்ணின் மொத்தக் குடும்பக் கதையையும் கேட்பார். விவசாயக் கூட்டுறவுச் சங்கத் தேர்தலில் இரண்டு வேட்பாளர்களும் அவரைப் பிரசாரத்துக்குக் கூப்பிட்டார்கள். காலையில் நீலக் கையுறை மாட்டிக்கொண்டு ஒருவருக்காகவும், மாலையில் மஞ்சள் கையுறையோடு மற்றவருக்காகவும் அதே முச்சந்தியில் நின்று கும்பிட்டார். இரண்டு பேரும் தோற்றார்கள். இரண்டு பேருக்கும் ஆறுதல் சொல்லப் போனார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாடிக்கொண்டிருந்தார். புத்தர் பிறந்த நாளுக்குக் கோயிலில் விளக்குக் கட்டுகிறார். இளவயதில் மணல் மல்யுத்தத்தில் மாவட்ட இறுதிப்போட்டி வரை வந்தவர். எதிராளி காதோடு காதாக, என் அம்மா பார்க்க வந்திருக்கிறாள் என்றானாம். போங்தே மெதுவாகப் படுத்துவிட்டார்.

இப்படிப்பட்ட மனிதர் ஊருக்கு நல்லவர். வீட்டுக்கு எப்படி என்பதை அவர் மனைவி இன்சுக்தான் சொல்ல வேண்டும்.

இன்சுக் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறார். குள்ளமான உருவம், வேகமான நடை. மணமாகி முப்பது வருடம் ஆனதற்கு ஜேஜு தீவுக்குப் போவோம் என்று அவர்தான் ஆசைப்பட்டார். போங்தே சரி என்றார். அதே சனிக்கிழமை, குளிர்காலத்துக்குக் கோசை ஊறவைத்துக் கிம்ச்சி போட வா என்று அண்ணன் போங்சு கூப்பிட்டார். அவருக்கும் சரி. அன்றைக்கே தனக்குப் பதிலாக வண்டி ஓட்ட முடியுமா என்று சக ஓட்டுநர் கேட்டார். அதற்கும் சரி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். இன்சுக் பெட்டியிலிருந்து அவருடைய சட்டைகளை எடுத்து, மடிப்புக் கலையாமல் அலமாரியில் திரும்ப வைத்தார். மறுநாள் எதிர்வீட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு விமானம் ஏறினார்.

திரும்பி வந்தபிறகு சண்டை வரும் என்று போங்தே காத்திருந்தார். வரவில்லை.

"சண்டை போட்டிருந்தாத் தேவலீங்க" என்று பிற்பாடு எங்களிடம் சொன்னார். "அவ 'பரவால்ல'ன்னு சொல்லிட்டாளுங்க."

எங்கள் மாநிலத்தில் பிறந்தவர்களுக்கு அந்த ஒரு சொல்லின் கனம் தெரியும்: இனி உன்னிடம் கேட்க எதுவும் இல்லை என்று அர்த்தம். குழுவில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தோம். இன்சுக், சுவோனில் வேலைக்குப் போய்விட்ட மகளின் அறைக்குத் தன் படுக்கையை மாற்றிக்கொண்டார். சோறு மேசையில் இருக்கும். ஆள் இருக்க மாட்டார்.

அதற்குப் பிறகு போங்தேக்குச் சாப்பாடு இறங்கவில்லை. விடிவதற்கு வெகு முன்பே விழிப்பு வந்துவிடும். எழுந்து உட்கார்ந்தால் கால்கள் தன்னுடையவை மாதிரி இருக்காது. பேருந்தில் பெண்கள் தந்ததை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மறுக்கவும் முடியவில்லை, தின்னவும் முடியவில்லை. ஒருநாள் நீர்த்தேக்கத்தை ஒட்டிய ஒரு நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தார். ஏற ஆளில்லை. இறங்கவும் ஆளில்லை. கதவு திறந்தே இருந்தது. ஸ்டியரிங்கில் கைகளை வைத்தபடி அவர் முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தார். குளிர்காற்று உள்ளே வந்தது. வண்டி நிறைய ஆள் இருந்தும் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் அவசரப்பட்டு யாரையும் சங்கடப்படுத்த மாட்டார்கள். கடைசியில் மருந்துக் கடைக்குப் போக வேண்டிய ஓர் அம்மாள் எழுந்து வந்து, தொண்டையைச் செருமி, "டிரைவர் தம்பி, இன்னிக்கே போறதா உத்தேசமுங்களா?" என்று விசாரித்தார்.

அப்போதுதான் போங்தேக்குத் தான் அழுதுகொண்டிருந்தது தெரிந்ததாம். அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டார். பயணிகளிடம் தனித்தனியாகக் கேட்டார். அதில் இன்னும் நேரமாயிற்று.

மனசு என்று ஒன்று நோய்ப்படும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எல்லோரையும் போல அவரும் வயிறு என்றுதான் நினைத்தார். செரிக்கவில்லை என்றால் கட்டைவிரலில் ஊசியால் குத்திக் கறுப்பு ரத்தம் எடுப்பது எங்கள் வழக்கம். பேருந்துப் பணிமனையில் ஆளாளுக்கு ஊசியோடு வந்தார்கள். அவரும் ஆளாளுக்கு விரலை நீட்டினார். கட்டைவிரல்கள் இரண்டும் பொத்தல் விழுந்த சல்லடை மாதிரி ஆயின. பிறகு கீழ்மாடி டாக்டர் குழாயை விட்டு வயிற்றைப் பார்த்தார். வயிறு சுத்தமாக இருந்தது. வீட்டில் நிலைமை எப்படி என்று கேட்டார். போங்தே மருத்துவரின் மேசைமேல் இருந்த தூசியைக் கையால் துடைத்தார். டாக்டர் அவரை மூன்றாம் மாடிக்குப் போகச் சொன்னார்.

மனநல டாக்டரிடம் போவது நாலு பேருக்குத் தெரிந்தால் பேருந்தை யார் நம்பி ஏறுவார்கள் என்று பயம். அதனால் எல்லோரிடமும் பல் டாக்டரிடம் போவதாகச் சொன்னார். மின்தூக்கியில் இரண்டாம் மாடிக்கு விசையை அழுத்தி, அங்கே இறங்கி, மீதியைப் படியில் ஏறுவது அவர் திட்டம். முதல் நாளே பல் ஆஸ்பத்திரி வரவேற்புப் பெண் கண்ணாடிக் கதவைத் திறந்து, உள்ளே வாங்க என்று சிரித்தாள். முடியாது என்று எப்படிச் சொல்வது? உள்ளே போனார். பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். அது முடிந்துதான் மேலே வந்தார். மறுவாரமும் அந்தப் பெண் கதவைத் திறந்தாள். எங்கள் குழுவுக்கு அவர் ஒவ்வொரு வாரமும் தாமதமாக, உதடு மரத்து, புதினா வாசனையோடு வந்து சேர்ந்தார். இனிமேல் சுரண்டுவதற்குப் பல்லில் ஒன்றும் இல்லை, தயவுசெய்து வராதீர்கள் என்று பல் டாக்டரே கும்பிட்டபிறகுதான் அது நின்றது. அவருக்கு முடியாது என்று சொல்ல வருகிறது பாருங்கள், எவ்வளவு படித்தவர் என்று போங்தே வியந்தார்.

எங்கள் டாக்டர் பெயர் யோம். பூசான் துறைமுகப் பக்கத்துப் பெண். நாற்பது வயது. அந்த ஊரில் மீன் வாங்கப் போனால் சண்டையோடுதான் பேச்சு தொடங்கும். இங்கே வந்த புதிதில் எங்கள் பேச்சைப் புரிந்துகொள்ள அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. தூக்கம் வருகிறதா என்று கேட்டால், "வர்றப்ப வருமுங்க" என்பார்கள். மாத்திரை சாப்பிட்டீர்களா என்றால், "சாப்பிடாம இருந்தாத் தப்புங்களே" என்பார்கள். சாப்பிட்டார்களா, இல்லையா? உள்ளூர்க்காரியான நர்ஸை உட்காரவைத்து அவர் மொழிபெயர்க்கச் சொன்ன நாட்கள் உண்டு.

போங்தேக்கு அவர் கொடுத்த வீட்டுப்பாடம் எளிமையானது. வாரத்தில் ஒருமுறை, யாரிடமாவது, எதற்காவது முடியாது என்று சொல்ல வேண்டும். முதல் வாரம் முடிந்து போங்தே பெருமையோடு வந்தார். சொல்லிவிட்டேன் என்றார். எல்லோரும் கைதட்டினோம். யாரிடம் என்று டாக்டர் கேட்டார். தொலைபேசியில் தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்க அழைப்பு வந்ததாம். அது பதிவுசெய்யப்பட்ட குரல். அந்தக் குரல் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கையில் இவர் முடியாது என்று சொல்லி, மன்னிப்பும் கேட்டு, அது பேசி முடிக்கும்வரை மரியாதைக்குக் காத்திருந்தாராம்.

அடுத்த வாரம் டாக்டர் எங்கள் இருவரையும் நடுவில் உட்காரவைத்தார். நான் எதையாவது கேட்க வேண்டும். அவர் மறுக்க வேண்டும். நான் அவருடைய கைக்கடிகாரத்தைக் கேட்டேன். கழற்றிக் கொடுத்தார். இது பயிற்சி, மறுக்க வேண்டும் என்று டாக்டர் நினைவுபடுத்தினார். புரிந்தது என்றார். கம்பளிச் சட்டையைக் கேட்டேன். கொடுத்தார். வேண்டுமென்றே வலது காலுறையை மட்டும் கேட்டேன். கழற்றி மடித்து என் மடியில் வைத்துவிட்டு, "ஒண்ணை வச்சுட்டு என்ன பண்ணுவீங்க சார், இதையும் வச்சுக்குங்க" என்று இடது காலுறையையும் கழற்றினார்.

டாக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "சார், நான் பூசான்காரி. எங்க ஊர்ல ஒருத்தன் காலுறையைக் கேட்டா அவன் கழுத்தைப் புடிப்போம். உங்களுக்கு ஒரு தடவையாவது கோவம் வந்திருக்கா, இல்லையா?"

"வர்றதுக்குள்ள போயிருதுங்க" என்றார் போங்தே.

அப்போது பியோ அம்மாள் பேசினார். ஆப்பிள் தோட்டக்காரர். மருமகளோடு நான்கு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அந்த வருத்தத்திலேயே படுக்கையில் விழுந்து எழுந்து வந்தவர். எந்நேரமும் மடியில் ஒரு கத்தியும் ஆப்பிளும் வைத்திருப்பார். மனநல ஆஸ்பத்திரியில் கத்தி கூடாது என்று நர்ஸ் எத்தனையோ முறை சொல்லியும் கேட்டதில்லை. தோலை நாடாவாக உரித்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்.

"டிரைவருக்கு முடியாதுன்னு சொல்ல வராதுன்னு யாருங்க சொன்னது? வீட்டுக்காரிகிட்ட முப்பது வருஷமா அதைத்தானுங்களே சொல்லிட்டு இருந்திருக்காரு."

போங்தே வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். கால்விரல்களைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அன்னிக்கு வண்டியை நிறுத்திட்டு உக்காந்திருந்தேனே, அப்ப யாராச்சும் எதாச்சும் கேக்க மாட்டாங்களான்னு இருந்துச்சுங்க. கேட்டா செஞ்சிருவேன். யாரும் ஒண்ணும் கேக்கலைன்னா நான் எதுக்கு இருக்கேன்னு தெரியலீங்க."

யாரும் கைதட்டவில்லை. பியோ அம்மாள் ஆப்பிளில் பெரிய துண்டாக நறுக்கி நீட்டினார். அவர் வாங்கித் தின்றார். நான் காலுறைகளைத் திருப்பிக் கொடுத்தேன்.

மாத்திரைகள் தங்கள் வேலையை மெதுவாகச் செய்தன. இலையுதிர்காலம் முடிகிற சமயத்தில் போங்தே மீண்டும் சோளம் தின்ன ஆரம்பித்திருந்தார். ஊரெல்லாம் மறுபடி கிம்ச்சி போடும் பருவம் வந்தது. ஒரு வியாழக்கிழமை குழு நடக்கும்போதே அவர் பையில் தொலைபேசி அதிர்ந்தது. அண்ணன். போங்தேயின் முகம் வெளுத்தது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்துப் பேசுங்கள் என்றார் டாக்டர். அதற்கும் சரி என்றுவிட்டார்.

"தம்பி, சாப்பிட்டியா?"

"ஆச்சுங்கண்ணே."

"இந்த வருசம் கோசு நல்லா உருண்டிருக்குது."

"அப்படிங்களாண்ணே."

"சனிக்கிழமை பனி இருக்காதாம்."

"இருக்காதுங்களா."

"முதுகெல்லாம் எப்படி இருக்குது உனக்கு?"

"முதுகு இருக்குதுங்கண்ணே."

டாக்டர் என் பக்கம் சாய்ந்து, அண்ணன் இன்னும் எதுவுமே கேட்கவில்லையே என்று முணுமுணுத்தார். நாலு தடவை கேட்டாயிற்று டாக்டர் என்றேன். தம்பியும் நாலு தடவை சரி என்று சொல்லியாயிற்று.

வீட்டில் இன்சுக் முகம் அவ்வளவு சரியில்லை என்று போங்தே இழுத்துப் பார்த்தார். அவளையும் கூட்டிக்கொண்டு வா, கோசு கழுவ ஆள் போதவில்லை என்றார் அண்ணன். போங்தே கண்களை மூடினார். நாற்காலியில் முதல்முறையாக முழு உடம்பையும் வைத்தார். அது கிறீச்சிட்டது. மல்யுத்த மணலில் படுத்த நாளிலிருந்து உள்ளேயே கிடந்த குரல் வெளியே வந்தது.

"முடியாதுங்கண்ணே. நான் வரமாட்டேன்."

இரண்டாம் மாடியில் பல் குடையும் இயந்திரம் நின்றுவிட்டது. தொலைபேசியில் கொஞ்ச நேரம் காற்றின் சத்தம் மட்டும்.

"சரி" என்றார் அண்ணன். "அதுக்கு ஏண்டா கத்துற, காது வலிக்குது. வை."

போங்தே எங்களைப் பார்த்தார். இல்லாத படியில் கால் வைத்துவிட்டவர் மாதிரி இருந்தது முகம். "அவ்வளவுதானுங்களா?" என்றார். உடனே அண்ணனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பதறித் தொலைபேசியைத் தேடினார். பியோ அம்மாள் அதை எடுத்துத் தன் நாற்காலியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். எழுந்திருங்கள் என்று சொல்ல போங்தேக்கு வாய் வரவில்லை. குழு முடியும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. அண்ணன் மூன்று வாரம் பேசவில்லை. பிறகு ஒரு பெட்டி கிம்ச்சி அனுப்பினார். உப்பு தூக்கலாக இருந்தது. அது கோபமா, கைத்தவறா என்று இன்றுவரை போங்தேக்குத் தெரியாது. தெரியாமலேயே சாப்பிட்டு முடித்துவிட்டார்.

வீட்டில் உள்ளவர்களை அழைத்துவரும் வாரம் வந்தது. என் மனைவி வரவில்லை. கடிதம் போட்டுக் கூப்பிட்டிருந்தேன், அவள் பதில் போடுவதற்குள் அதிலிருந்த எழுத்துப்பிழைக்காக இன்னொன்று அனுப்பினேன். போங்தே ஒரு காலைச் சோற்றின்போது இன்சுக்கிடம், வியாழக்கிழமை பல் டாக்டரிடம் கூட வருகிறாயா என்று கேட்டாராம். "எந்தப் பல் டாக்டர்? மாசக்கணக்கா பல்லு மட்டும் பளபளங்குது, மூஞ்சி இருண்டே கெடக்குது. மூணாவது மாடின்னு எனக்குத் தெரியாதாக்கும்" என்றாராம் அவர்.

வந்து உட்கார்ந்தார். கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்திருந்தார், கேடயம் மாதிரி. டாக்டர் அவர் மனதில் என்ன குறை என்று கேட்டார். எனக்கென்ன குறை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்றார். எங்களோடு பழகிப்பழகி டாக்டருக்கும் காத்திருக்கத் தெரிந்துவிட்டது. பியோ அம்மாள் ஓர் ஆப்பிளை உரித்து முடித்து இன்னொன்றைத் தொடங்கினார்.

"கடல் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் இன்சுக் திடீரென்று. "சூரியன் எறங்குது. தண்ணியெல்லாம் செவப்பு. 'ஏங்க, இங்க பாருங்க'ன்னு திரும்பறேன். எதிர்வீட்டுக்காரி மூஞ்சி."

போங்தே துடித்துப்போய் எழுந்தார். நாளைக்கே போகலாம், விடுப்பு எடுத்துக்கொள்கிறேன், டிக்கெட் போடுகிறேன் என்று அடுக்கினார். இன்சுக் ஒரே சொல்லில் நிறுத்தினார்.

"முடியாது. நாளைக்கு முந்நூறு புள்ளைங்களுக்குச் சோறாக்கணும்." கைப்பையை இறுக்கிக்கொண்டு மேலும் சொன்னார். "ஊர்ல எல்லாத்துக்கும் சொல்ற அந்தச் சரியை எனக்கும் சொல்லாதீங்க. எனக்கு அது வேண்டாம்."

போங்தே நின்றபடியே இருந்தார். டாக்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னார்.

"எனக்கு ஜேஜு போகவே இஷ்டமில்ல இன்சுக். ஏரோப்ளேன்னா பயம். அண்ணன் கூப்பிட்டதும் நல்லதாப் போச்சுன்னு..."

இன்சுக் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வை உச்சந்தலையிலிருந்து கால் வரை போய்வர நேரம் பிடித்தது. பெரிய உடம்பு.

"பயமா?"

"ஆமா."

"கப்பல் ஓடுதில்ல ஜேஜுக்கு? வாயத் தொறந்து சொல்லியிருந்தா கப்பல்ல போயிருக்கலாமில்ல? உங்களைக் கட்டிக்கிட்டு முப்பது வருசமா நான் குறி கேட்டுக்கிட்டே குடும்பம் நடத்தணுமா?"

அதன்பிறகு அவர் நிறுத்தவில்லை. எங்கள் ஊர் வழக்கத்துக்கு மாறாக, சுற்றி வளைக்காமல், மணமான முதல் வருடத்திலிருந்து வரிசையாகத் தொடங்கினார். மாமியார் வீட்டுத் திதிக்கு அரைத்த மாவு, நீலக் கையுறை, மஞ்சள் கையுறை எல்லாம் வந்தன. நேரம் முடிந்துவிட்டது என்று டாக்டர் சைகை காட்டியதும் எழுந்தார். பேச்சை மட்டும் விடவில்லை. கணவரை முன்னால் விட்டுப் பின்னால் திட்டிக்கொண்டே படியிறங்கினார். இரண்டாம் மாடிக் கண்ணாடிக் கதவு திறந்தது. இன்சுக்கின் முகத்தைப் பார்த்து அதே வேகத்தில் மூடிக்கொண்டது. போங்தே படிக்கட்டின் திருப்பத்தில் தலையை உயர்த்தி மேலே நின்ற எங்களைப் பார்த்தார். பரீட்சையில் தேறிய பையனின் முகம். ஓசையில்லாமல் உதட்டை மட்டும் அசைத்து, "சண்டை போடுறா" என்றார்.

குணமாகிவிட்டாரா என்று கேட்டால் தெரியாது. மாத்திரை இன்னும் சாப்பிடுகிறார். சில விடியல்களில் கால்கள் இன்னும் வேறு யாருடையவோ மாதிரிதான் இருக்கின்றன என்கிறார். வயல் பெண் நிமிர்ந்தால் வண்டி இன்றைக்கும் நிற்கிறது. தேவாலயப் பாட்டை விட்டுவிட்டார். விட்டதைத் தேவாலயத்தில்தான் இன்னும் சொல்லவில்லை. படுக்கை மகளின் அறையிலிருந்து இன்னும் திரும்பவில்லை. ஆனால் கதவு வழியாகத் திட்டு வருகிறதாம், தினமும்.

போன செவ்வாய்க்கிழமை நீர்த்தேக்கப் பக்கம் போக அவர் பேருந்தில் ஏறினேன். பள்ளிக்கூட நிறுத்தத்தில் இன்சுக் ஏறினார். பயண அட்டையை இயந்திரத்தில் ஒற்றினார். கணவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. முன்னால் இடம் கிடந்தும், நடைவழியில் கிடந்த மூட்டைகளைத் தாண்டிக் கடைசி வரிசைக்குப் போய், ஜன்னலோரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். கதவு மூடிற்று. வண்டி கிளம்பவில்லை. போங்தே கையை உயர்த்தி, தலைக்குமேல் இருந்த, பின்னால் பார்க்கும் கண்ணாடியைத் தொட்டார். கொஞ்சம் மேலே தள்ளினார். சரியில்லை போலிருக்கிறது. இடதுபக்கம் ஒரு மயிரிழை திருப்பினார். கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். ஒரு மிளகாய் மூட்டை மறைத்தது. இருக்கையிலிருந்து உடம்பை உயர்த்தி இன்னும் கொஞ்சம் திருப்பினார். வண்டியில் இருந்த யாரும் எதுவும் கேட்கவில்லை. கடைசி வரிசை ஜன்னல் முழுவதும் கண்ணாடிக்குள் வந்தபிறகு, அவர் கியரைப் போட்டார்.